மீன்சந்தை மேடை

கலைவிழாக் கூட்டத்தில் யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை. அதுதான் கனகாம்பிகைக்குச் சிக்கலாகிப் போனது. முகத்துக்கு நேரே மறுத்தால் பதிலுக்கு வாதாடலாம். தம்பிஐயா சிரித்துக்கொண்டே சம்மதித்துவிட்டார்.

"குருநகர்ச் சனம் கூத்தாடட்டும் பிள்ளை. ஆர் மறிச்சது? ஆனால் மண்டபத்து மேடை வேண்டாம். முன்னுக்கு முற்றம் கிடக்குத்தானே, அதிலை ஆடட்டும். கூத்துக்கு நிலம்தான் நல்லது."

தம்பிஐயா ஊர்ப் பிள்ளையார் கோயிலின் மனேச்சர். கனகாம்பிகையின் தாய்க்கு ஒன்றுவிட்ட தம்பி. பொது மண்டபத்தைக் கட்டியது பிரதேச சபை என்றாலும் அது நிற்கும் காணி கோயிலுடையது. ஆகவே மண்டபத்தில் எது நடந்தாலும் அவருடைய முகம் பார்த்துத்தான் நடக்கும். சபைச் செயலாளர் சோமசேகரம் பேனையின் மூடியைக் கழற்றுவதும் பூட்டுவதுமாக இருந்தார். தேர்தல் நடந்து சபைக்குத் தலைவர் வந்த காலமெல்லாம் போய்விட்டபடியால் இப்போது சபை என்றால் அவர்தான்.

"மாமா, மற்ற எல்லாரும் மேடையிலை. செல்வநாயகி ரீச்சரின்ரை நடனம் மேடையிலை. வயலின் மேடையிலை. அவையள் மட்டும் முற்றத்திலையோ?" என்று கேட்டாள் கனகாம்பிகை.

"மேடைக்குப் பின்சுவர் கோயில் மதில். நான் வேறை என்ன சொல்ல?" என்றார் தம்பிஐயா. அவர் குரலில் கோபம் இல்லை.

அது தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு ஆவணி மாதம். கனகாம்பிகை சபையின் நூலகர். கலாசார வேலைகளும் அவள் தலையில்தான் இருந்தன. சண்டிலிப்பாய்க்கு அப்பால் இருந்த அந்த ஊர் புகையிலையும் வெங்காயமும் விளையும் செம்மண் ஊர். இரண்டு வருடங்களுக்கு முன் சண்டைக்குப் பயந்து குருநகர்க் கரையிலிருந்து ஓடிவந்த கத்தோலிக்கக் குடும்பங்கள் அங்கே பள்ளிக்கூடத்தின் பின்கட்டில் இருந்தன. கடலுக்குத் தடை. வலைகள் எங்கேயோ, வள்ளங்கள் எங்கேயோ. ஆண்கள் தோட்டங்களில் கூலிக்குப் புல்லுப் பிடுங்கினார்கள். ஊர்ச் சனம் அவர்களுக்கு அரிசி கொடுத்தது, உடுப்பும் கொடுத்தது. கிணற்றில் வாளி போட மட்டும் விடவில்லை. தாங்களே அள்ளி ஊற்றிவிட்டார்கள்.

அந்தப் பள்ளிக்கூடத்துக்கு நூல் இரவல் கொடுக்கப் போனபோதுதான் கனகாம்பிகை கூத்தைக் கேட்டாள். ஒருவர் மத்தளத்தில் தட்ட, ஏழெட்டுப் பேர் சுவரோடு சாய்ந்திருந்து பாடினார்கள். பாடும்போது அவர்களின் முகங்கள் மாறிப்போயின. அகதி அட்டைக்கு வரிசையில் நிற்கும் அதே ஆட்கள்தானா என்று அவள் திகைத்து நின்றாள். அன்றைக்கே, சபை நடத்தும் கலைவிழாவில் இவர்களுக்கு இடம் கொடுப்பதென்று மனதுக்குள் முடிவெடுத்தாள்.

அந்த முடிவுதான் இப்போது முற்றத்தில் வந்து நின்றது.

மறுநாள் சைக்கிளை உழக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனாள். கூத்தை நடத்தும் வின்சன்ற் வேப்பமரத்தடியில் இருந்து, தேயிலைப் பெட்டி மட்டையில் கூத்து ராசாவுக்கு மணிமுடி வெட்டிக்கொண்டிருந்தான். முப்பத்தைந்து வயது இருக்கும். அவள் முற்றம் என்ற சொல்லைச் சொல்லி முடிக்கவில்லை, அவன் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டான்.

"மிஸ், உங்களிலை எங்களுக்குக் கோவமில்லை. ஆனால் வரமாட்டம்."

"வின்சன்ற், கொஞ்சம் கேளுங்கோ..."

"எங்கடை கூத்து எண்டைக்கும் மேடையிலை ஆடுற கூத்து. எங்கடை கோயில் வளவிலை மேடை கட்டி, கட்டியகாரன் வந்து நிண்டு சபைக்கு வணக்கம் சொல்லித்தான் தொடங்குவம். சோறு தந்தியள், நன்றி. நிலத்திலை இருந்து சாப்பிட்டம். நிலத்திலை நிண்டு ராசாவா ஆட ஏலாது."

பக்கத்தில் இருந்த கனிசியஸ் என்ற மெலிந்த மனிதன், கூத்தில் ராணியாக வருபவன், அவளைப் பார்க்காமல் மண்ணைக் கிளறினான். அவள் சைக்கிளைத் திருப்பினாள்.

வீட்டுக்குப் போகும் வழியில் சந்தை இருந்தது. அங்கேதான் சைக்கிளை நிறுத்தினாள். காலைச் சந்தை கலைந்து, வெங்காயச் சருகு காற்றில் ஓடிக்கொண்டிருந்தது. மரக்கறி விற்பவர்கள் நிலத்தில் சாக்கு விரித்து இருப்பார்கள். நடுவில், இடுப்பளவு உயரத்தில், நீளமும் அகலமுமாக ஒரு சீமெந்துத் தளம் நின்றது. மேலே தகரக்கூரை. அது மீன் விற்கும் இடம். கடல் மறிபட்டதிலிருந்து அதில் மீன் கிடந்ததேயில்லை. ஆடு படுத்திருந்தது.

சந்தைக் காணி சபையுடையது. கட்டடமும் சபையுடையது. அங்கே எவருடைய முகத்தையும் பார்க்கத் தேவையில்லை.

அந்த யோசனை வந்ததும் முதலில் உடம்பெல்லாம் சந்தோசமாக இருந்தது. அடுத்த நிமிடம் அவள் தலையை நிமிர்த்தி மேலே பார்த்தாள். மண்டபத்தைச் சுற்றி மருதமரங்கள் நின்றன, மேலே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. சந்தையைச் சுற்றி ஒரு மரமும் இல்லை. கூரைக்குள் ஆடுபவர்கள் நிற்கலாம். பார்க்க வரும் சனம் வெளியிலேதான் நிற்க வேண்டும். கரன்ற் இல்லாத, மண்ணெண்ணெய் அரிதான நாட்களில் விழாவைப் பகலில்தான் வைக்கலாம். பட்டப்பகலில், வெட்டவெளியில், முந்நூறு நானூறு சனம்.

"ஆமியின்ரை ஹெலி வந்தால்?" மறுநாள் சபையில் சோமசேகரமும் அதைத்தான் கேட்டார்.

"சுத்திவரப் பங்கர்க் குழி வெட்டுவம் சேர்."

"சனம் கூடி நிக்கிறதைக் கண்டால் ஹெலி பதிஞ்சு சுடும். உமக்குத் தெரியாதே? இருபது பேற்றை மானத்துக்காக நானூறு பேற்றை உயிரை வெளியிலை வைக்கச் சொல்லுறீரோ?"

அந்தக் கேள்வியை அவள் தன்னிடமே கேட்டுக் கேட்டு, நித்திரை இல்லாமல் விடிய வைத்திருந்தாள். அவளுடைய பதினொரு வயது மகள் நளாயினியும் விழாவில் நடனம் ஆடப்போகிறவள். புருசன் கொழும்பில் வங்கி வேலை. அவனுடைய கடிதம் வந்தே பல மாதம். பிள்ளைக்கு ஒன்று நடந்தால் அவனுக்கு என்ன சொல்லி எழுதுவது?

"அவையளை நிலத்திலை விட்டிட்டு விழா வைக்கிறதெண்டால், விழாவே வைக்காமல் விடலாம் சேர்" என்று கடைசியில் சொன்னாள்.

சோமசேகரம் எழுந்து அறைக் கதவைச் சாத்தினார். பிறகு, "எழுத்திலை அனுமதி கேக்காதையும். சந்தை பின்னேரத்திலை சும்மாதானே கிடக்குது. நீர் செய்யும்" என்றார்.

வின்சன்றிடம் போய்ச் சொன்னபோது அவன் முகம் இன்னும் கறுத்தது. "மீன் விக்கிற இடம்தானோ எங்களுக்குக் கண்டுபிடிச்சனீங்கள்?"

"உங்களுக்கு மட்டுமில்லை. நடனமும் அங்கைதான். வயலினும் அங்கைதான். என்ரை பிள்ளையும் அதிலைதான் ஆடப்போறாள்."

அவன் வெட்டிய மட்டைமுடியைக் கையில் எடுத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். "பங்கர் நாங்கள் வெட்டுறம்" என்றான்.

செய்தி ஊருக்குள் போனது. நடனத்துக்கு இருந்த எட்டுப் பிள்ளைகளில் ஐந்து பேரைப் பெற்றோர் மறித்துவிட்டார்கள். ஒரு தாய் நூலகத்துக்கே வந்து, "மீன் வெட்டின கல்லிலை என்ரை பிள்ளை சலங்கை கட்டுறதோ? ஏன் அக்கா உங்களுக்கு உந்த வேலை?" என்று கேட்டுவிட்டுப் போனாள். செல்வநாயகி ரீச்சர் மட்டும் அசையவில்லை. "மூண்டு பிள்ளையளோடையும் ஆடலாம். கல்லைக் கழுவித் தாங்கோ, அது போதும்" என்றாள்.

குருநகர் ஆட்கள் சந்தையைச் சுற்றிக் குழி வெட்டத் தொடங்கினார்கள். மேலே செம்மண், ஒரு முழத்துக்குக் கீழே சுண்ணாம்புக் கல். மண்வெட்டி நெருப்புப் பறக்கக் கல்லில் பட்டுத் திரும்பியது. வெங்காயம் ஏற்றிவந்த ஒரு கமக்காரன் வண்டிலை நிறுத்திக் கொஞ்சநேரம் பார்த்தான். "உப்பிடிக் கொத்தினால் வருசம் முடிஞ்சிடும்" என்று சொல்லிவிட்டுப் போனவன் வீட்டிலிருந்து கல்லுடைக்கும் அலவாங்கோடு வந்தான். அடுத்தநாள் அவனுடைய தமையனும் வந்தான். பனங்குற்றி இரண்டை வண்டிலில் கொண்டுவந்து குழிக்கு மேலே போட்டுக் கொடுத்தார்கள். கனகாம்பிகை ஒவ்வொரு குழியிலும் இறங்கி, எத்தனை பிள்ளைகளை அடைக்கலாம் என்று பார்த்துவிட்டு ஏறினாள். எவ்வளவு வெட்டினாலும் அவளுக்குப் போதவில்லை.

விழாவன்று வானத்தில் ஒரு மேகமில்லை. மழை வராதா என்று காலையிலிருந்து ஏங்கினாள். மேகம் மூட்டமாக இருந்தால் ஹெலி வராது. வெயில் பளிச்சென்று எரிந்தது.

சனம் வருமோ வராதோ என்று பயந்துகொண்டிருந்தவளுக்கு, சனத்தைக் கண்டதும் வேறு பயம் பிடித்தது. இரண்டு வருடமாக ஒரு திருவிழா முழுதாக நடந்ததில்லை. சனம் எதையாவது பார்க்கப் பசித்துப்போய்க் கிடந்தது. ஒரு பக்கம் ஊரார், மறுபக்கம் முகாம் ஆட்கள், நடுவில் ஒரு வண்டில் போகும் அகலத்துக்கு இடைவெளி. தம்பிஐயா வரவில்லை. அவருடைய மனைவி பத்மாசினி ஓரமாக, முந்தானையால் தலையை மூடிக்கொண்டு இருந்தாள். சோமசேகரம் வந்து, கதிரையில் இருக்காமல், சந்தைக் காவலாளியின் விசிலை வாங்கிக்கொண்டு ஒழுங்கை முகப்புக்குப் போய்விட்டார். அங்கே சத்தம் குறைவு. தெற்கே வானம் தெளிவாகத் தெரியும். அவர் அன்று முழுவதும் மேடைப் பக்கம் திரும்பவேயில்லை.

மூன்று பிள்ளைகளும் ஆடினார்கள். மகளின் சலங்கைச் சத்தத்துக்கு மேலாக வேறு ஏதாவது கேட்கிறதா என்று கனகாம்பிகை காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். எங்கோ வெங்காயத் தோட்டத்தில் தண்ணீர் இறைக்கும் இயந்திரம் இரைந்தபோது அவள் மகளை விட்டுவிட்டு வானத்தை அண்ணாந்து பார்த்தாள். நளாயினி ஆடி முடித்து வியர்த்து வந்தபோது அவளை இழுத்துத் தன்னோடு அணைத்துக்கொண்டாள்.

"ஏனம்மா உப்பிடிப் பிடிக்கிறியள்? விடுங்கோ, கூத்துப் பாக்க வேணும்."

கூத்துத் தொடங்கியது. கட்டியகாரன் வந்து, "கூடியிருக்கும் மகாசபைக்கு வந்தனம்" என்று இரண்டு பக்கமும் திரும்பிக் கும்பிட்டான். யாகோப்பு என்ற கட்டையான மனிதர் மத்தளத்தை மடியில் ஏற்றித் தட்டத் தட்ட, ஊரார் பக்கத்துப் பிள்ளைகள் இடைவெளிக்குள் நகர்ந்து வந்தார்கள். மந்திரியின் கோளைக் கேட்டு, பெர்நாந்து ராசா தன் மனைவி மார்த்தாளைத் துடுப்பில்லாத வள்ளத்தில் ஏற்றிக் கடலில் தள்ளிவிடுகிற கதை. வின்சன்ற் ராசா. மட்டைமுடி வெயிலில் பொன்னாகத் தெரிந்தது. கனிசியஸ் நீலச்சேலையில், ஒட்டுக் கொண்டையில், வயிற்றில் பிள்ளையோடு நிற்கும் ராணியாக வந்தபோது முதலில் சிலர் சிரித்தார்கள். அவன் பாடத் தொடங்கியதும் சிரிப்பு நின்றது.

*அலையே என் தாயோ அடிவானே என் வீடோ*
*கரையே நீ எங்கே கண்மூடிப் போனாயோ*

பத்மாசினி தலையில் போட்டிருந்த முந்தானையை எடுத்து மூக்கைத் துடைத்தாள். கனகாம்பிகையும் அந்த ஒரு பாட்டுக்குள் தன்னை மறந்துபோனாள். பக்கத்தில் நின்ற மகள் இன்னும் முன்னுக்குப் போனதை அவள் கவனிக்கவில்லை.

அப்போதுதான் விசில் கேட்டது.

ஒருமுறை அல்ல, விடாமல். சனம் ஒரு கணம் அசையாமல் நின்றது. பிறகு எல்லாம் ஒன்றாக வெடித்தது. பாய்கள் காலில் சிக்கின. "பிள்ளையளை முதல் இறக்குங்கோ!" என்று யாரோ கத்தினார்கள். தெற்கிலிருந்து படபடவென்ற சத்தம் பெருத்துக்கொண்டு வந்தது. கனகாம்பிகை மகளின் கையைப் பிடிக்கத் திரும்பினாள். அங்கே மகள் இல்லை.

"நளா!" என்று கத்தினாள். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. ஒரு குழிக்குள் குனிந்து பார்த்தாள். இல்லை. அடுத்ததில் முதுகுகள் மட்டும் தெரிந்தன. "என்ரை பிள்ளை இருக்கோ?" யாரும் நிமிரவில்லை. ஹெலி சந்தைக்கு மேலே வந்து ஒரு வட்டமடித்தது. அதன் நிழல் சீமெந்துத் தளத்தின்மேல் ஓடிப்போனதைக் கண்டாள். யாரோ அவளுடைய காலைப் பிடித்து இழுத்துக் குழிக்குள் விழுத்தினார்கள். வேட்டுச் சத்தம் தகரத்தில் மழை கொட்டினாற்போல் கேட்டது. மண் உதிர்ந்து வாய்க்குள் போனது. நான்தான், நான்தான், நான்தான் என்று மட்டும் அவளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

சத்தம் நகர்ந்தது. வேட்டு விழுந்தது சந்தைக்கு அல்ல, தெற்கே கடலேரிப் பக்கம். அதுவும் ஓய்ந்து, ஹெலியின் இரைச்சல் முழுதாகத் தேயும்வரை எவரும் எழும்பவில்லை.

எழும்பியதும் அவள் குழி குழியாக ஓடினாள். மேடைக்கு மிகக் கிட்டிய குழியில், ஆறேழு பிள்ளைகளின் மேல் நீலச்சேலை ஒன்று போர்வையாகக் கவிந்து கிடந்தது. கனிசியஸ் அவர்களை மூடிக்கொண்டு குப்புறப் படுத்திருந்தான். கொண்டை கழன்று தொங்கியது. அவனுக்குப் பக்கத்தில் பத்மாசினி, அவனுடைய தோளைப் பிடித்த பிடி விடாமல் கண்ணை மூடிக்கொண்டு பிள்ளையாரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். சேலைக்குள்ளிருந்து நளாயினியின் சலங்கைக்கால் வெளியே தெரிந்தது.

கனகாம்பிகைக்கு அழ வரவில்லை. மகளை இழுத்தெடுத்து, எங்கேயாவது இரத்தம் இருக்கிறதா என்று தலையிலிருந்து கால்வரை தடவினாள். பிறகு கன்னத்தில் ஓங்கி ஒரு அறை கொடுத்தாள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.

செத்தவர் எவருமில்லை. யாகோப்பு மட்டும், மத்தளம் உடையக்கூடாதென்று அதைக் கட்டிப்பிடித்தபடி குழிக்குள் விழுந்து வலக்கை மணிக்கட்டை முறித்துக்கொண்டார். மத்தளத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

வின்சன்ற் மட்டைமுடியைக் கையில் வைத்துக்கொண்டு அவளிடம் வந்தான். "மிஸ், மிச்சம்?"

"காணும். எல்லாரும் வீட்டை போங்கோ. காணும்" என்றாள் அவள்.

அடுத்த கிழமை சபைக்கு மேலிடத்துக் கட்டளை வந்தது. இனி வெளியிடத்தில் கூட்டம் கூட்டக்கூடாது. தம்பிஐயா நூலகத்துக்கு வந்து, நின்றபடியே பேசினார். "மண்டபத்திலை வைச்சிருந்தால் மரத்துக்குக் கீழை இருந்திருப்பினம். யோசிச்சுப் பார் பிள்ளை." அவர் சொன்னதில் பிழையில்லை. கட்டளை வந்தது அவளுக்கு உள்ளூர ஆறுதலாகவும் இருந்தது. இனி யாருடைய உயிருக்கும் அவள் பொறுப்பில்லை. அப்படி நினைத்ததற்கு வெட்கப்பட்டாள்.

ஆனால் சனம் அவளை விடவில்லை. வெங்காயம் வாங்கப் போனால், "தங்கச்சி, அந்த ராணி கரைசேர்ந்தவளோ?" என்று கேட்டார்கள். நூலகத்துக்குப் பத்திரிகை பார்க்க வருபவர்கள், "ராசா பேந்து உண்மையை அறிஞ்சவரோ?" என்றார்கள். பள்ளிக்கூடத்துக் கிணற்றடியில் கனிசியசை மறித்தே கேட்டார்கள். அவன் சொல்ல மறுத்துவிட்டானாம். "கூத்தைக் கதையாச் சொல்லேலாது. பாட்டுத்தான்" என்றானாம். ஒருநாள் பத்மாசினியே வந்தாள். ஒரு நூலைக் கேட்கிறவள்போல அலுமாரியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மிச்சத்தை எப்ப ஆடுவினமாம்?"

"சபை வைக்கேலாது மாமி."

"சபை வைக்காட்டில் என்ன?" என்றாள் பத்மாசினி, அலுமாரிக் கண்ணாடியைப் பார்த்தபடி.

அதையே வின்சன்றும் சொன்னான். வருகிற ஞாயிறு, பூசைக்குப் பிறகு, பள்ளிக்கூடத்து வேப்பமரங்களுக்குக் கீழே ஆடப்போகிறார்கள். வகுப்பறை வாங்குகளை அடுக்கி மேடை கட்டுவார்கள். அழைப்பில்லை, அறிவிப்பில்லை. "நீங்கள் ஒண்டும் செய்ய வேண்டாம் மிஸ். வந்து இருங்கோ. அது காணும்."

சோமசேகரத்திடம் அவள் எதையும் கேட்கவில்லை. ஞாயிறு காலையில் சபையின் உழவுயந்திரம் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றது. பெட்டியில் சபையின் பாய்கள், இரண்டு தண்ணீர்ப் பீப்பா. பின்னால் சைக்கிளில் சோமசேகரம், கழுத்தில் அந்த விசில்.

சனம் ஒன்றிரண்டாக, ஒழுங்கைகளின் வழியே, எங்கேயோ போகிறவர்கள்போல வந்தது. அலவாங்கு கொண்டுவந்த கமக்காரன் குடும்பத்தோடு வந்தான். பத்மாசினி வந்தாள், தம்பிஐயா வரவில்லை. பீப்பாவிலிருந்து யார் யாரோ தண்ணீர் எடுத்துக் குடித்தார்கள். அதை எல்லாரும் கண்டார்கள், ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. கிணற்றில் அப்போதும் ஊர்க்காரனே அள்ளி ஊற்றினான்.

மத்தளத்தை வேறொருவன் அடித்தான். அவன் தாளம் தப்பும்போதெல்லாம் யாகோப்பு, கையில் மூங்கில்தகடு கட்டியபடி பக்கத்தில் இருந்து, வாயால் தாளத்தைச் சொல்லித் திருத்தினார். பிள்ளைகள் அதைக் கேட்டுச் சிரித்தார்கள். நளாயினி முன்வரிசையில் இருந்தாள். கனகாம்பிகை அவளுக்கு ஒரு கைநீளம் தள்ளி நின்றாள். அவளுடைய ஒரு கை மகளின் சட்டைக் கொலரைப் பிடித்திருந்தது.

ராணி கரைசேர்ந்தாள். ராசா வந்து அவளை அறியாமலே தண்ணீர் கேட்டான். குடித்து முடிக்குமுன் அவள் யாரென்று கண்டுகொண்டான். பிறகு எங்கும் விம்மலும் கைதட்டலும் எழுந்தன. பத்மாசினி பக்கத்தில் இருந்த குருநகர்ப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ கேட்டாள், அந்தப் பெண் ஏதோ சொன்னாள்.

இலைகளுக்கு இடையில் தெரிந்த வானத்தில் ஒரு பருந்து மட்டும் நின்றது. கனகாம்பிகை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடிவில் ராணி என்ன பாடினாள் என்று அன்று பின்னேரம் மகள்தான் அவளுக்குப் பாடிக் காட்டினாள்.